மகளிடம் பேசுவதா, பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்வதா?

பெற்றோருக்கும் மகளுக்கும் இடையே உறவு கெட்டுப்போன குடும்பங்களை இலக்கியம் எப்படிக் காட்டியிருக்கிறது, தமிழில் எதையெல்லாம் படிக்கலாம், நம் கதைகளில் ஏன் பெரும்பாலும் அம்மாவே கொடுமைக்காரியாக வருகிறாள் என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். மூன்றாவதுதான் சுவாரசியமானது. அதற்குப் பதில் சொல்லப் போனால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கதைகளில் பெற்றோரும் மகளும் தனியாக மோதிக்கொள்வது குறைவு. மூன்றாவதாக ஓர் ஆள் எப்போதும் பக்கத்தில் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரி, ஒண்டுக்குடித்தனத்தில் அடுத்த போர்ஷன், சொந்தக்காரர்கள், சாதிப் பஞ்சாயத்து, இப்படி ஏதோ ஒரு வடிவத்தில். மகளுக்கு ஏதோ நேர்ந்துவிட்ட அந்த நிமிஷத்தில் பெற்றவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார், மகளையா, அந்த மூன்றாம் ஆளையா என்பதில்தான் உறவு நிற்பதும் உடைவதும். அம்மா அடிக்கடி மாட்டிக்கொள்வதற்குக் காரணம், ஊருக்குப் பதில் சொல்லும் வேலையை வீடு அவள் தலையில் கட்டிவிட்டதுதான். அப்பா செத்துப்போயிருப்பார், அல்லது திண்ணையில் இருப்பார்.

இதைப் புரிந்துகொள்ள ஜெயகாந்தனைவிட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால் அவர் ஒரே மகளுக்கு இரண்டு அம்மாக்களை எழுதிப் பார்த்தவர்.

1966ல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை 'அக்கினிப் பிரவேசம்'. கதை பலருக்கும் தெரியும். கொட்டும் மழையில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு கல்லூரிப் பெண். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவன் வீட்டில் விடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொள்கிறான். போகும் வழியில் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். அம்மா விதவை. பல குடித்தனங்கள் இருக்கும் வீடு. கேட்டதும் அம்மா முதலில் செய்வது அடிப்பதுதான். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன ஏது என்று விசாரிக்கிறார்கள். அம்மா ஒரு பொய் சொல்கிறாள். பரீட்சை நெருங்கும் நேரத்தில் இப்படித் தெப்பமாக நனைந்து வந்திருக்கிறாளே, படுத்துக்கொண்டால் என்ன செய்வது, அதனால்தான் அடித்தேன் என்கிறாள். கேட்டவர்கள் திருப்தியாகப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அடுத்த காட்சியைப் பற்றித்தான் பேசுவார்கள். குளியலறைக்கு இழுத்துப்போய் மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, அகலிகையைச் சொல்லி, உன் மனசு கெடவில்லை, இது தண்ணீர் இல்லை நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்று அம்மா சொல்லும் இடம். தலைப்பே அதிலிருந்து வந்ததுதான். எனக்கோ கதையின் மையம் அந்தப் பொய்யில் இருப்பதாகப் படுகிறது. பக்கத்துப் போர்ஷன்காரியிடம் அந்தப் பொய்யைச் சொன்ன பிறகுதான் தண்ணீர் ஊற்ற அவளுக்கு இடமே கிடைக்கிறது. கதவுக்கு வெளியே உள்ளவர்களை அனுப்பிவிட்டு மகள் பக்கம் திரும்பிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ஆனால் அந்தக் காலத்தில் அது கொஞ்சநஞ்ச காரியம் இல்லை.

கதை வந்ததும் பெரிய கொந்தளிப்பு. அம்மா எப்படி இதை மூடி மறைக்கலாம் என்று வாசகர்கள் ஆவேசப்பட்டார்கள். அப்போது ஜெயகாந்தன் செய்தது அபாரமானது. சரி, நீங்கள் விரும்புகிற மாதிரியான அம்மாவையே எழுதுகிறேன், அந்தப் பெண் என்ன ஆகிறாள் என்று பாருங்கள் என்பதுபோல ஒரு நாவலை எழுதினார். 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமானது. 1972க்கான சாகித்ய அகாதெமி விருது இதற்குத்தான்.

நாவலில் மகளுக்குப் பெயர் உண்டு, கங்கா. அம்மா கனகம். அதே மழை, அதே கார், அதே வீட்டுக்கு வருதல். இங்கே அம்மா பொய் சொல்லவில்லை. ஓலமிட்டு அழுகிறாள். ஊர் கூடுகிறது, அண்ணன் கணேசன் அடித்து வெளியே துரத்துகிறான். தஞ்சாவூரிலிருந்து அம்மாவின் அண்ணன் வெங்கு மாமா வந்து அழைத்துப்போய்ப் படிக்க வைக்கிறார். காப்பாற்ற வந்த அந்த மாமாவே பிற்பாடு அவளைத் தொடப் பார்க்கிறவர்.

இரண்டு அம்மாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனகம் கெட்டவள் இல்லை. மகள்மேல் பிரியம் இல்லாதவளும் இல்லை. சிறுகதை அம்மாவும் முதலில் அடிக்கத்தான் செய்தாள். இரண்டு பேரும் ஒரே பெண்தான் என்று சொன்னால்கூட நான் ஒப்புக்கொள்வேன். ஒருத்திக்குக் குரல் வெளியே போவதற்கு முன் ஒரு நொடி யோசனை வந்தது, இன்னொருத்திக்கு வரவில்லை. சிறுகதையில் அண்ணன் அந்த நேரம் வீட்டில் இல்லை என்பதும் சின்ன விஷயம் கிடையாது. இதைத்தான் ஜெயகாந்தன் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். ஒரு மகளின் வாழ்க்கை தாயின் குணத்தால் முடிவாவதில்லை, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள், சுவர் எவ்வளவு மெல்லியது என்பதால்கூட முடிவாகலாம்.

நாவலில் இன்னும் கூர்மையான ஓர் இடம் இருக்கிறது. பல வருஷம் கழித்து கங்கா நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள், அம்மா அவளோடுதான் இருக்கிறாள். ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய கதையை கங்கா படிக்கிறாள். அது வேறு எதுவும் இல்லை, 'அக்கினிப் பிரவேசம்'தான். தன் கதை, ஆனால் வேறு அம்மாவோடு. அதைக் கொண்டுபோய் அம்மாவைப் படிக்கச் சொல்கிறாள்.

தமிழ் நாவலில் ஒரு மகள் தாயைப் பழிவாங்கிய விதங்களில் இதைவிடக் கொடூரமானது எனக்குத் தெரிந்து இல்லை. சண்டை கிடையாது, கத்தல் கிடையாது. நீ எப்படி இருந்திருக்கலாம் என்று அச்சில் காட்டிவிட்டாள். அம்மா உடைந்து போகிறாள். ஆனாலும் இருவரும் அதே வீட்டில்தான் தொடர்ந்து இருக்கிறார்கள். சாப்பாடு போடுகிறாள் ஒருத்தி, சம்பளம் கொண்டுவருகிறாள் இன்னொருத்தி. உறவு முறிந்த பிறகும் வீடு முறியாமல் இருப்பதுதான் நம் குடும்பங்களின் விசேஷம். மேல்நாட்டுக் கதைகளில் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இங்கே ஒரே ரேஷன் கார்டில் இருந்துகொண்டே பேசாமல் இருப்பார்கள்.

ஜெயகாந்தனைக் கொஞ்சம் கேள்வியும் கேட்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய அம்மாவை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் அங்கே அழுக்கு இருந்தது என்று அவளும் நம்புகிறாள் என்றுதானே அர்த்தம்? யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பதும் அந்த மன்னிப்பின் நிபந்தனை. அந்த மகள் அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த ரகசியத்தை அம்மாவோடு சேர்ந்து காவல் காக்க வேண்டும். நல்ல அம்மா வந்த கதையிலும் அந்த வீடு ஆரோக்கியமான வீடாகிவிடவில்லை. காரில் வந்தவனைப் பற்றி இரண்டு அம்மாக்களும் ஒரு போலீஸ்காரரிடம்கூடப் பேசவில்லை என்பதையும் இன்றைய வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது.

1977ல் பீம்சிங் இதைப் படமாக எடுத்தார். கங்காவாக நடித்த லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது. படம் நன்றாகவே இருக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நாவலைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். கங்காவின் மனசுக்குள் ஓடும் பேச்சு முழுக்கப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

இந்த 'மூன்றாம் ஆள்' ஜெயகாந்தன் கண்டுபிடித்தது இல்லை. இரண்டாயிரம் வருஷமாக நம் கவிதையில் இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் அம்மா பெரும்பாலும் காவல்காரியாகத்தான் வருகிறாள். ஊரில் அலர், அதாவது காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சு, எழுந்துவிட்டால் மகளை வீட்டுக்குள் அடைப்பாள். அதற்கு இற்செறிப்பு என்று ஒரு துறையே வகுத்து வைத்திருக்கிறார்கள். மகள் இளைத்துப் போனால் காதலாக இருக்குமோ என்று அவளிடமே கேட்க மாட்டாள், முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு ஆட்டை வெட்டி வெறியாட்டு என்கிற சாமியாட்டம் நடத்துவாள். மகளுக்கு என்ன ஆயிற்று என்று மகளைத் தவிர எல்லோரிடமும் கேட்கிற தாய்! இதை அந்தக் கவிஞர்களே கிண்டலாகத்தான் எழுதினார்கள்.

கலித்தொகையில் கபிலர் பாடிய 'சுடர்த்தொடீஇ கேளாய்' பாட்டு நினைவிருக்கலாம், பள்ளிப் பாடத்திலும் வந்ததுண்டு. தண்ணீர் கேட்டு வந்தவன் கையைப் பிடித்துவிடுகிறான். பெண், அம்மா இங்கே வந்து பார் என்று கத்திவிடுகிறாள். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்ததும் ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான். விளையாட்டான பாட்டுதான். ஆனால் பாருங்கள், ஒரு பையனைக் காப்பாற்ற மகள் அம்மாவிடம் சொன்ன பொய் அங்கே, மகளைக் காப்பாற்ற அம்மா பக்கத்து வீட்டில் சொன்ன பொய் 'அக்கினிப் பிரவேச'த்தில். கனகத்துக்கு மட்டும் பொய் சொல்ல வரவில்லை.

மணிமேகலைக்குப் போனால் விஷயம் இன்னும் சிக்கல். இரண்டாவது காதையின் பெயரே ஊரலர் உரைத்த காதை. மாதவியும் மணிமேகலையும் இந்திர விழாவுக்கு ஆட வராததால் ஊர் என்ன பேசுகிறது என்று மாதவியிடம் போய்ச் சொல்லும்படி அவள் தாய் சித்திராபதி, தோழி வசந்தமாலையை அனுப்புகிறாள். மாதவி மறுக்கிறாள். மணிமேகலை என் மகள்கூட இல்லை, பத்தினி கண்ணகியின் மகள், அவள் தவத்துக்கே உரியவள் என்கிறாள். பிற்பாடு சித்திராபதி இளவரசன் உதயகுமரனையே தூண்டிவிட்டு சொந்தப் பேத்தியைப் பிடித்துவரச் சொல்கிறாள். பேத்தியைப் பற்றிப் பாட்டிக்கு வேறு கணக்கே கிடையாது. அவளைத் தொழிலுக்குக் கொண்டுவர வேண்டும், குலத்தின் பெயர் போய்விடக் கூடாது.

இதில் மாதவியை நல்ல தாய் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். நல்லவள்தான். ஆனால் மணிமேகலையை யார் கேட்டார்கள்? கணிகையாகப் போ என்று ஒருத்தி முடிவு செய்கிறாள், துறவியாகப் போ என்று இன்னொருத்தி. உதயகுமரனைப் பார்த்தபோது தன் மனசும் அவன் பின்னால் போனதென்று மணிமேகலையே தோழி சுதமதியிடம் சொல்கிற இடம் காப்பியத்தில் இருக்கிறது. காப்பியம் அதை முற்பிறப்புக் கணவன் என்று விளக்கி முடித்துவிடும். விளக்கத்தைத் தள்ளிவிட்டுப் படித்தால், அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆசை இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் மிஞ்சுகிறது.

அடுத்து அம்பை. 'அம்மா ஒரு கொலை செய்தாள்' ஒரு சின்னக் கதை, அரைமணி நேரத்தில் படித்துவிடலாம். இந்த விஷயத்தில் தமிழில் எழுதப்பட்டதிலேயே மிகச் சுத்தமான கதை என்பேன். கறுப்பான ஒரு சின்னப் பெண். அவளுக்கு அம்மாதான் உலகம். அவள் நிறத்தை மற்றவர்கள் சொல்லிக் காட்டினாலும் அம்மா மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, உன் அழகு யாருக்கு வரும் என்பாள். அந்த அம்மா தங்கை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வெளியூர் போயிருக்கும்போது இவள் பெரியவளாகிறாள். என்ன நடக்கிறது என்று புரியவில்லை. சுற்றி இருப்பவர்கள் சொல்வதெல்லாம் பயமாக இருக்கிறது. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும், அம்மா அழகாக ஏதோ சொல்வாள் என்று காத்திருக்கிறாள்.

அம்மா வருகிறாள். போன இடத்தில் பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்டான். அந்தச் செய்தியோடு உள்ளே வந்தவள் மகளுக்கு நடந்ததைக் கேட்டதும், இதற்குள் உனக்கென்ன அவசரம், இது வேறு இனிமேல் ஒரு பாரம் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்கிறாள். அதுதான் கொலை.

இங்கே பக்கத்து வீட்டுக்காரி யாரும் எட்டிப்பார்க்கவில்லை. தேவையே இல்லை. அம்மாவின் வாயில் பேசுவது அந்த மாப்பிள்ளை வீடுதான். இத்தனை வருஷம் ஊரின் பேச்சைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தவள், ஒரே ஒரு நாள் அதைத் தானே உள்ளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்பையின் சாமர்த்தியம் என்னவென்றால், அந்த அம்மாவை அவர் வெறுக்க விடுவதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாக அவளை மகள் கண்ணால் காட்டி நம்மையும் அவள்மேல் ஆசைப்பட வைத்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வைக்கிறார். மோசமான தாய் செய்யும் கொடுமையை எழுதுவது சுலபம். நல்ல தாய் களைப்பில் சொன்ன ஒரு வரியை எழுதுவது கஷ்டம். வாசகிகள் பலர் இந்தக் கதையைப் பற்றிப் பேசும்போது தங்கள் அம்மா சொன்ன வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இடையில் ஒன்று. தமிழில் தாயைத் துணிந்து எழுதிய நாவல் என்றால் உடனே தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' என்பார்கள். அது மகனின் கதை. அலங்காரத்தை அப்புதான் பார்க்கிறான், அப்புதான் அதிர்கிறான். ஒரு தாயின் மீறலைத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் மகனை நிறுத்துவது ஒரு கதை, மகளை நிறுத்துவது முற்றிலும் வேறு கதை. ஏனென்றால் மகளுக்கு நாளைக்கு அதே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் கேள்வி மகளைப் பற்றியது என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

சரி, அப்பாக்கள் எங்கே? நெடுங்காலம் காணோம். கங்காவுக்கு அப்பா இல்லை. நாவலில் முக்கியமாக வருகிற அப்பா, காரில் வந்த அதே ஆள், பிரபு என்பவன்தான். அவனுக்கும் மஞ்சு என்று வளர்ந்த பெண் இருக்கிறாள் என்பது ஜெயகாந்தன் வைத்த நல்ல முடிச்சு. அப்பாவை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தவர் என்று நான் இமையத்தைச் சொல்வேன்.

2012ல் வந்த 'பெத்தவன்' ஒரு நெடுங்கதை. பழனி என்கிற விவசாயியின் மகள் பாக்கியம், தலித் இளைஞன் ஒருவனைக் காதலிக்கிறாள். சாதிக்காரர்கள் திரண்டு வந்து, பெண்ணை நீயே கொன்றுவிடு என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கதை நடப்பது அநேகமாக ஒரே ராத்திரி. இங்கே 'மூன்றாம் ஆள்' ஒளிந்து கேட்பவர் இல்லை, வாசலில் கூட்டமாக வந்து நின்று காறித் துப்புகிறார். பழனி கூட்டத்திடம் சரி என்கிறான். அப்புறம் உள்ளே வந்து மகளிடம் நகையும் பணமும் கொடுத்து அவனிடம் போய்விடு என்று இருட்டோடு அனுப்பி வைக்கிறான். மகளுக்காக வாங்கிய பூச்சிமருந்தைத் தான் குடித்துவிடுகிறான்.

கவனியுங்கள், இதுவும் ஒரு பொய்தான். 'அக்கினிப் பிரவேச' அம்மா செய்ததை ஐம்பது வருஷம் கழித்து ஓர் அப்பா செய்கிறான், வெளியே ஒன்று சொல்லிவிட்டு உள்ளே மகள் பக்கம் திரும்புகிறான். அவளுக்கு ஒரு பொய்யோடு முடிந்தது, இவனுக்கு உயிர் போகிறது. அதே வருஷம் நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நடந்ததைத் தெரிந்தவர்கள், ஒரு சாதி மறுப்புத் திருமணம், பெண்ணின் அப்பா தற்கொலை, தலித் குடியிருப்புகள் எரிப்பு என்று நடந்த அந்தச் சம்பவத்தைத் தெரிந்தவர்கள், இந்தக் கதையைச் சாதாரணமாகப் படித்துவிட முடியாது.

ஒரு குறை சொல்லலாம். பாக்கியம் என்ன நினைக்கிறாள் என்பதற்குக் கதையில் இடம் குறைவு. அப்பாவின் தியாகம் அவ்வளவு பெரிதாக வளர்ந்து மகளை மறைத்துவிடுகிறது. அவள் அதற்கப்புறம் எப்படி வாழ்வாள்? அப்பாவின் சாவைச் சுமந்துகொண்டு ஒரு புதுக் குடித்தனம் நடத்த முடியுமா? அந்தக் கதையை யாரும் இன்னும் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

இமையத்தின் 'செல்லாத பணம்' (2018) இன்னும் நெருக்கமாகக் குத்தும். 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். அப்பா நடேசன் தலைமையாசிரியர். மகளோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். அடிக்கவில்லை, கொல்லவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். சில வருஷம் கழித்து அவள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலில் பெரும்பகுதி அந்த மருத்துவமனையில் காத்திருப்பதுதான். பையில் பணத்தோடு அப்பா நிற்கிறார், அதை வைத்து எதையும் வாங்க முடியவில்லை. அம்மா அமராவதி புலம்பிக்கொண்டே இருக்கிறாள். அவள் அவ்வப்போது மகளுக்குக் கொஞ்சம் செய்திருக்கிறாள், அதையும் ஒளித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது.

நம் குடும்பங்களில் மிகச் சாதாரணமான தண்டனை இந்தப் பேசாமை. கொலையும் துரத்தலும் செய்தித்தாளில் வரும், பேசாமல் இருப்பது எதிலும் வராது. நடேசனுக்கு ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயருக்கு ஒரு வாத்தியார் கொடுக்க வேண்டிய விலை, மகள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்பது. ஊர் இவரிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கேட்டுவிடுமோ என்ற பயமே போதுமாக இருந்திருக்கிறது.

இப்போது வெளியே ஒரு பார்வை. 'லியர் அரசன்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் வைத்த காட்சி எல்லோருக்கும் தெரியும். ராஜ்யத்தைப் பிரிக்கப் போகிற கிழவன், மூன்று மகள்களையும் நிறுத்தி என்மேல் எவ்வளவு பிரியம் என்று கேட்கிறான். மூத்த இருவரும் அளந்து கொட்டுகிறார்கள். கார்டீலியா ஒன்றுமில்லை என்கிறாள். அங்கே சபை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் லியர் அவர்களுக்குப் பயப்படவில்லை. அவனுக்குத் தேவை தன் காதில் விழும் புகழ். நோய் அப்பாவுக்குள்ளேயே இருக்கிறது.

ஹென்றி ஜேம்ஸின் 'வாஷிங்டன் சதுக்கம்' (1880) இதையே வரவேற்பறை அளவுக்குச் சுருக்கிக் காட்டும். நியூயார்க்கில் பெரிய டாக்டர் ஸ்லோப்பர். மனைவி இறந்துவிட்டாள். மகள் கேத்தரீன் அம்மா மாதிரி அழகும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை என்று அவருக்குத் தீராத ஏமாற்றம். அம்மா வழியில் மகளுக்கு வருஷம் பத்தாயிரம் டாலர் வருமானம் உண்டு, அப்பா மனசு வைத்தால் இன்னும் இருபதாயிரம். ஒருவன் வந்து காதல் பேசுகிறான். அவன் பணத்துக்காகத்தான் வருகிறான் என்று டாக்டர் சொல்கிறார். அவர் சொல்வது சரி! கொடுமையே அங்கேதான். ஒரு தந்தை மகள் விஷயத்தில் முழுக்கச் சரியாக இருந்துகொண்டே அவளை எப்படி நாசம் செய்யலாம் என்பதைத்தான் ஜேம்ஸ் எழுதினார். உன்னை ஒருத்தன் உனக்காகவே விரும்ப வாய்ப்பில்லை என்று அப்பாவே நம்புகிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. வருஷங்கள் போன பிறகு, என் காலத்துக்குப் பின் அவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய் என்கிறார். அவளுக்கு அந்த ஆசையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் சத்தியம் செய்ய மறுக்கிறாள். சொத்து குறைகிறது. பரவாயில்லை என்று இருந்துவிடுகிறாள். அந்த மறுப்பு கங்கா அம்மாவிடம் பத்திரிகையை நீட்டியதற்குச் சமம்.

இந்த இரண்டிலும் தாய் இல்லை, ஊரும் இல்லை. அப்பாவும் சொத்தும் மட்டும்தான். நம் கதைகளில் மகளுக்குச் சொத்தில் பங்கே இல்லாத காலம் நீண்டு கிடந்ததால் அப்பாவும் மகளும் சண்டை போட்டுக்கொள்ள மேஜையில் ஒன்றும் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 1989ல்தான் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு சட்டமானது, அதுவும் ஏற்கெனவே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்று. 2005ல் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தடையும் போனது. அதற்குப் பிறகு அப்பா, மகள், பத்திரப்பதிவு அலுவலகம் என்று எத்தனையோ வீடுகளில் கதை நடக்கிறது. இதை வைத்து ஒரு பெரிய தமிழ் நாவல் வர வேண்டும்.

வங்காளத்திலிருந்து ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆஷாபூர்ணா தேவியின் மூன்று நாவல்கள், முதலாவது 1964ல் வந்தது, 1976ல் ஞானபீட விருது. முதல் நாவலின் நாயகி சத்யவதி, தன் மகள் சுவர்ணலதாவைப் படிக்க வைக்க வேண்டும் என்று உறுதியாக இருப்பவள். மாமியார் அவளுக்குத் தெரியாமல் ஒன்பது வயதில் அந்தக் குழந்தைக்குக் கல்யாணத்தை முடித்துவிடுகிறாள். வந்து பார்த்த சத்யவதி வீட்டுக்குள் காலே வைக்காமல் அப்படியே திரும்பி, குடும்பத்தைத் துறந்து காசிக்குப் போய்விடுகிறாள். படிக்கும்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றும்.

அடுத்த நாவல் அந்த மகளின் கதை. ஒன்பது வயதில் மணக்கோலத்தில் நிற்கும்போது அம்மா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மகளுக்கு மிஞ்சியது புகுந்த வீட்டில் உன் அம்மா ஓடிப்போனவள்தானே என்ற குத்தல். ஊருக்குப் பயப்படாத தாய் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் மேலே சொன்னதிலிருந்து யாராவது நினைத்தால் அவர்கள் இதைப் படிக்க வேண்டும். சத்யவதி ஊரைத் துச்சமாகத் தள்ளினாள். ஆனால் அவளும் மகளிடம் பேசவில்லை. அநியாயத்துக்கு எதிராக அவள் காட்டிய கோபம் உலகத்துக்கு எழுதிய கடிதம் மாதிரி ஆகிவிட்டது, பக்கத்தில் நின்ற குழந்தைக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றால், 'அக்கினிப் பிரவேச'த்தையும் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளையும் அடுத்தடுத்துப் படியுங்கள், நடுவில் வேறு புத்தகம் வேண்டாம். அம்பையின் கதையை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். சங்கப் பாட்டு பிடிக்குமென்றால் நற்றிணை 110ஐயும் பாருங்கள். சின்ன வயதில் பால் குடிக்க மாட்டேன் என்று செவிலியரை ஓடவிட்ட பெண், புகுந்த வீடு வறுமைப்பட்டபோது அப்பா வீட்டுச் சோற்றை நினைக்காமல் ஒருவேளை விட்டு ஒருவேளை சாப்பிடுகிறாள் என்று பெருமைப்படும் பாட்டு. அந்தப் பெருமையை இன்று அப்படியே ஏற்க முடியுமா என்று 'செல்லாத பணம்' படித்த கையோடு யோசித்துப் பாருங்கள். இமையத்தின் இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்காதீர்கள், தாங்காது. ஆஷாபூர்ணா தேவியை மட்டும் வரிசை மாற்றாமல், அம்மாவின் நாவலை முடித்துவிட்டு மகளின் நாவலுக்குப் போக வேண்டும். முதலில் சத்யவதிக்குக் கைதட்டியவர்களுக்குத்தான் இரண்டாவது நாவல் முழுசாக வேலை செய்யும்.